பிறந்த வீட்டுப் பேரைக் கேட்டவளுக்கு

அக்கா,

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்டார்கள். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்ததுமே உன் வாசனை வந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என் பக்கத்தில் பாய் விரிக்கும்போது வருமே, அதே வாசனை. மற்றப் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து அழுதார்கள். நானும் அழுதேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இதற்கா அழுவது என்று டீச்சர் கேட்டார். ஊசிக்காக அழவில்லை என்று நான் சொல்லவில்லை.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். சமையல்கட்டில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்து, நோட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதுகிறேன். கூடத்தில் அப்பா இருமினால்கூட என் கை நின்றுவிடுகிறது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் உன் பேரை ஜெபம் பண்ணும்போது மட்டும்தான் சொல்கிறோம்.

முதலிலேயே அதை எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் எழுதாமலே முடித்துவிடுவேன். நீ சாயந்திரங்களில் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் வேலை கற்றுக்கொள்கிறாய் என்று அப்பாவிடம் சொன்னது, அங்கே கூட்டிக் கழுவுகிற ஞானம்மா ஆயா இல்லை. நான்.

ஆஸ்பத்திரியில் நீ இருந்த அட்டை அறையை நினைத்துப் பார்க்கிறேன். சன்னலுக்கு வெளியே வரிசை. உள்ளே நீ. உனக்குப் பின்னால் சுவர் முழுக்க மர டிராயர்கள். ஒரு டிராயருக்கு ஓர் ஊர். பரளச்சி, வீரசோழன், எம்.ரெட்டியபட்டி என்று உன் கையெழுத்தில் காகிதம் ஒட்டியிருக்கும். வந்தவர்கள் ஊரையும் பேரையும் சொன்னால் அவர்களுடைய பழுப்பு அட்டையைத் தேடி எடுத்து டாக்டரம்மா மேசைக்கு அனுப்புவாய். சாயந்திரம் அட்டைகள் திரும்பி வந்ததும் அதனதன் இடத்தில் அடுக்குவாய். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த நாளிலிருந்து அதுதான் உன் வேலை. அப்பாவுக்கும் அதில் பெருமை. உட்கார்ந்து எழுதுகிற வேலை.

அந்த வேலையிலும் எவ்வளவு சிரிப்பு வைத்திருந்தாய். ஒரே ஊரில் பத்துக் கருப்பசாமி. அதில் நாலு பேருக்கு அப்பா பேர் மாடசாமி. பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு பரளச்சிக்காரி, "அவுக பேரா... மலை மேல ஆண்டியா நிக்கிறாருல்ல, அவரு பேரு" என்று இழுத்துக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற ஆள், "பழனின்னு எழுதிக்கிடும்மா, எனக்கு பஸ்ஸு போயிரும்" என்றாராம். அந்தப் பொம்பளை திரும்பி அவரை முறைத்த முறைப்பை நீ நடித்துக் காட்டினாய். அம்மாகூடச் சிரித்தாள்.

உன்னை மாற்றியது என்னவென்று எனக்குத் தெரியும். அட்டைகளில் டாக்டரம்மா எழுதுவது எதுவும் உனக்குப் புரியவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிடி அடுக்கிக்கிட்டே இருக்கிறது? மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம லோடு ஏத்துற மாதிரில்ல இருக்கு" என்று ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாய். மறுவாரம் டாக்டரம்மாவிடம் போய், வேலை முடிந்த பிறகு கட்டுப்போடும் அறையில் நின்று கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாய்.

பெரிய நர்ஸம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவவ வேலையை அவவ பாத்தாப் போதும். இவ கட்டுப் போடக் கத்துக்கப் போயிட்டா அட்டையை யாரு பாப்பா?" என்றார்களாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்ட அந்த வாரத்திலேயே நீ அதே யோசனையில் இரண்டு அட்டைகளை ஊர் மாற்றி வைத்துவிட்டாய். ஒரு கிழவர் தன் அட்டைக்காகப் பாதி நாள் காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். நீயே அதைச் சொன்னாய். நர்ஸம்மா சொன்னதுதான் சரி என்று அப்போது நானும் நினைத்தேன். தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா என்று உன்னிடமே கேட்டேன். நீ கோபப்படவில்லை. நடந்துகொண்டே யோசித்தாய்.

டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் என்று அனுமதி கொடுத்தார்கள். அப்பாவிடம் சொல்ல முடியாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்றதும் அவர்கள் முகம் சுருங்கியதாம். அப்பாதான், நோயாளியைத் தொடுகிற வேலை இல்லை, உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று சமாதானம் சொல்லியிருந்தார். அதனால் நீ புது அட்டை எழுத வேண்டியிருக்கிறது என்று வீட்டில் பொய் சொன்னாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து உனக்காகக் காத்திருந்து, உன்னோடு வீட்டுக்கு வருகிற நானும் அதே பொய்யைச் சொன்னேன். ஞானம்மா ஆயாவுக்கும் தெரியும். அந்த அறையைக் கழுவிவிடுகிறவர்கள் அவர்கள்தானே. "நீ கத்துக்க கண்ணு, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்" என்று உன் கன்னத்தைக் கிள்ளியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காத்திருந்து சலித்துப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ தரையில் உட்கார்ந்து அவர் காலை உன் மடிப்பக்கம் சாய்த்து வைத்து, பீங்கான் பேசினில் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாய். அவர் வலியில் கர்த்தரையும் மாரியாத்தாளையும் சேர்த்துக் கூப்பிட்டார். நீ அவரோடு ஆட்டு விலை பேசிக்கொண்டே கழுவினாய். எனக்கு வாந்தி வந்தது.

அன்றைக்குப் படுக்கும்போது என் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "நாறுதாடி?" என்று நீ கேட்டாய். நான் தூங்குகிறதுபோல் கிடந்தேன். மறுநாளிலிருந்து நீ எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துவிட்டு வந்து படுத்தாய். அப்போதும் நான் பாயைத் திரும்ப இழுக்கவில்லை.

சிவப்புக் கோடு பற்றி நீ தெரிந்துகொண்டதும் அந்த நாட்களில்தான். சில அட்டைகளின் மேலே சிவப்பு மையில் ஒரு மருந்தின் பேரை எழுதி அடியில் கோடு போட்டிருப்பார்கள். அந்த ஆளுக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தமாம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டாய். பிறகு, "இத்தன வருசமா அதை ஏதோ அழகுக்குப் போட்ட கோடுன்னு நெனச்சு அடுக்கியிருக்கேன்டி" என்றாய். உன் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நீ சன்னலில் கூடுதலாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாய். நம் பக்கத்தில் மாமியார் பேரும் மருமகள் பேரும் ஒன்றாக இருந்தால், மருமகளை வேறு பேர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மாமியார் பேரைச் சொல்லி யார் அதட்டுவது, யார் வேலை ஏவுவது? கல்யாணம் ஆனதும் ஊரும் மாறுகிறது, பேரும் மாறுகிறது. சின்னப் பெண்ணாக அம்மாவோடு வந்தபோது போட்ட அட்டை பிறந்த ஊர் டிராயரில் ஒரு பேரில் கிடக்கும். மருமகளாக வரும்போது வேறு ஊர் டிராயரில் வேறு பேரில் புது அட்டை போடுவார்கள். சிவப்புக் கோடு பழைய அட்டையிலேயே தங்கிவிடும். ஒரே ஆள் உன் சுவரில் இரண்டு ஆளாக இருப்பாள். நாலு வருஷம் அட்டையை மட்டும் பார்த்தபோது அது உனக்குத் தட்டுப்படவில்லை. புண்ணையும் ஊசியையும் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் தட்டுப்பட்டது.

அதனால் நீ ஒவ்வொரு மருமகளிடமும், பிறந்த ஊர் எது, பிறந்த வீட்டில் உன் பேர் என்ன, எப்போதாவது ஊசி போட்டு மயங்கி விழுந்திருக்கிறாயா என்று கேட்டாய். பழைய அட்டை இருந்தால் தேடி எடுத்துப் புதியதோடு சேர்த்துக் கட்டினாய். பழைய இடத்தில், இந்தப் பெண் இப்போது இன்ன ஊரில் இன்ன பேரில் இருக்கிறாள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தாய். வரிசை நீண்டது. "ஏத்தா, சீட்டு எழுதுறியா, சம்பந்தம் பேசுறியா?" என்று ஒரு கிழவி கேட்டாள். "உங்க பேரனுக்குப் பொண்ணு வேணும்னா சொல்லுங்க, என்கிட்ட எல்லா ஊருப் பொண்ணும் இருக்கு" என்றாய். வரிசையே சிரித்தது. நான் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது உன்னைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் செய்ததைப் பார்த்தால் இதை நம்ப மாட்டாய்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அப்பா பருத்திக் கடையில் நாள் முழுக்க எடை போட்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தார். மார்க் அட்டையைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்த பிரம்பை எடுத்தார். கையை நீட்டச் சொன்னார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பிரம்பு மேலே போனதும் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"அக்கா மட்டும் பொய் சொல்றா. அவ அட்டை எழுதல. புண்ணு கழுவப் போறா."

பிரம்பு அப்படியே நின்றது. அப்பா என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எத்தனை நாளாக, எந்த அறையில், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். பிரம்பைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். என் மேல் ஓர் அடிகூட விழவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமே பொய்.

யார் சொன்னது என்று உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பா அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சத்தம் போட்டார். டாக்டரம்மாவுக்குத் தலைகுனிவாகிவிட்டது. அன்றோடு சாயந்திர வேலை நின்றது. ஊர், பேர், அப்பா பேர், இந்த மூன்றுக்கு மேல் சன்னலில் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று பெரிய நர்ஸம்மா உத்தரவு போட்டார்கள். நீ எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளை எல்லாம் டிராயர்களிலிருந்து உருவி, சணலில் கட்டிப் பரண்மேல் போட்டார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்ற பேச்சு வந்தது. சொல்லிக்கொடுத்தவர்களை விட்டால், அறையில் கூட இருந்தது ஞானம்மா ஆயா ஒருவர்தான். போன வாரம்தான் பேசின் கழுவாமல் கிடந்ததற்கு உனக்கும் அவர்களுக்கும் வாய்ச்சண்டை. எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. உனக்கும். கேட் பக்கம் நீ அவர்களைக் கேட்டபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் சொல்லல கண்ணு. ஆண்டவர் அறிய நான் சொல்லல" என்றார்கள்.

"பொறவு யாரு ஆயா சொன்னது? சுவரா சொல்லும்?" என்றாய்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாய். ஆயா என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொண்டேன். அந்த மாதக் கடைசியில் அவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வாய் நிற்காதவள் ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்கள்.

கார்த்திகையில் அந்தப் பெண் வந்தாள். எம்.ரெட்டியபட்டிக்காரி. முதுகில் கட்டி, நல்ல காய்ச்சல், கூட மாமியார். பேர் ராக்கம்மாள், இதற்கு முன் வந்ததில்லை என்று மாமியாரே சொன்னாள். நீ பேனாவை நிறுத்தி அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாயாம். "பொறந்த வீட்டுல என்ன பேருன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சுடி. பெரிய நர்ஸம்மா பின்னாடி நின்னாக. கேக்கல" என்று என்னிடம் சொன்னாய். புது அட்டை எழுதி உள்ளே அனுப்பினாய். உள்ளேயும், முன்பு ஊசி போட்டு ஏதாவது ஆனதா என்று கேட்டதற்கு மாமியார்தான் இல்லை என்று பதில் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மூச்சுக்குத் திணறி விழுந்தாள். டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்ததால் உயிர் பிழைத்தாள். மூன்று நாள் படுத்துக் கிடந்தாள்.

அவள் கண் விழித்ததும் நீ போய்ப் பிறந்த வீட்டுப் பேரைக் கேட்டாய். பேச்சியம்மாள். பரளச்சி. மாமியார் பேரும் பேச்சியம்மாள். நீ பரளச்சி டிராயரைத் திறந்து அந்த அட்டையை எடுத்தாய். மேலே சிவப்புக் கோடு இருந்தது.

நீ அதைத் திரும்ப உள்ளே வைத்திருக்கலாம். அப்படி ஓர் அட்டை இருப்பது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. நீ அதை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மா மேசைக்குப் போனாய். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை போட்டவள் என்று பழி உன் மேலேயே விழுந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்னவர்கள் பேச்சு அங்கே எழவில்லை. தை மாதம் உன்னை நிறுத்திவிட்டார்கள். சாத்தூர்க்காரர்களும் அதற்கப்புறம் வரவில்லை. நீ வீட்டில் சும்மா இருந்தாய். என் பாயைக் கிட்டே இழுத்துப் போட்டேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

பங்குனியில் உனக்குக் கண் மஞ்சளானது. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "அந்தச் சன்னல் முன்னால நான் எப்படிம்மா வரிசையில நிக்கிறது?" என்றாய். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. அதற்கு முந்தின நாள், தண்ணீர் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று உன் காதுப் பக்கம் குனிந்தேன். "என்னடி?" என்றாய். இன்னும் கொஞ்சம் குடி என்றேன்.

உன் அடக்கத்துக்கு ஞானம்மா ஆயா வந்தார்கள். உள்ளே வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார்கள். அம்மா பார்த்தும் கூப்பிடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நான் செம்போடு தெருவரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர்கள் இப்போது வேலிக்கருவை வெட்டப் போகிறார்கள். இந்த வருஷமும் மழை இல்லை. காட்டில் வேறு கூலி கிடையாது. கையெல்லாம் முள் கிழித்திருக்கிறது. இன்றைக்கு அம்மா சொன்னாள்: ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஒன்று காலியாம். ஞானம்மா ஆயா போய்க் கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டரம்மாவுக்கு இரக்கம்தான். பெரிய நர்ஸம்மாதான் பழைய கதையைச் சொல்லித் தடுக்கிறார்களாம். திங்கட்கிழமை முடிவு சொல்லப்போகிறார்கள். அம்மா இதைச் சொல்லிவிட்டு, "காட்டிக்குடுத்தவளுக்கு என்ன வேலை வேண்டிக்கிடக்கு" என்றாள். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நர்ஸம்மாவா நீயா, யார் சொன்னது சரி என்று இந்த நாலு மாதத்தில் பல தடவை யோசித்துவிட்டேன். எல்லாரும் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள முடியாது, அது உண்மைதான். அட்டை அடுக்குகிறவள் டாக்டராக வேண்டியதில்லை. ஆனால் தன் கையை விட்டுப் போகிற அட்டை எங்கே போய், யார் உடம்பில் என்ன ஆகிறது என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத் தன் அறையை விட்டு நாலு அடி வெளியே போகத்தான் வேண்டும். நீ போனாய். நான்தான் உன்னைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். அந்தப் பேச்சியம்மாள் மூச்சுத் திணறியதில் என் பங்கு உண்டு. அவள் எப்படி இருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ யார் கேட்டு அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாய்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டாக்டரம்மா கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று எல்லாரோடும் பேசுவார்கள். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். ஆயாவும் கடைசி வரிசையிலிருந்து வெளியே வருவார்கள். அங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் மறுபடியும் எதற்குள்ளாவது ஒளிந்துகொள்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஞானம்மா ஆயா சொல்லல, நான்தான் சொன்னேன். எழுத முடிகிறது. வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. இரண்டாம் தடவை என் காதுக்குக் கேட்டது.